மூன்று துளைகளும் ஒரு மேடும்: நிலவியல் வரைபடம் ஒன்றைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

"அக்கா, கலரை மட்டும் கொஞ்சம் மாத்திக் கொடுத்தாப் போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பி அனுப்பணும்."

செவ்வாய்க்கிழமை இரவு வந்த குறுஞ்செய்தி. அனுப்பியவர் இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தம்பி, ஊர் திருச்சிப் பக்கம். கூடவே ஒரு படத்தையும், தன் கட்டுரையைப் படித்த ஆய்விதழ் மதிப்பாய்வாளர் இருவரின் கருத்துகளையும் அனுப்பியிருந்தார். நிறத்தை மாற்றப் போய்க் கடைசியில் கட்டுரையின் தலைப்பே மாறியது. வெள்ளிக்கிழமை ஐந்து வாரம் தள்ளிப் போனது. நடந்ததை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், இதழ், இடத்தின் சரியான எல்லை மூன்றும் வேண்டாம் என்றார்; விட்டுவிட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மண்ணாய்வு நிறுவனம் ஒன்றில் 22 வருடம் வரைவாளராக இருந்தேன். சேர்ந்த புதிதில் ராட்ரிங் பேனாவும் டிரேசிங் தாளும்தான், 0.18, 0.25, 0.35, 0.5 மில்லிமீட்டர் என்று நிப்பு நிப்பாகக் கழுவித் துடைப்பதிலேயே பாதி நாள் போகும். பிறகு ஆட்டோகேட் என்ற கணினி வரைவு மென்பொருள். இப்போது வீட்டிலிருந்தே ஆய்வுக்கட்டுரைகளுக்குப் படம் வரைந்து தருகிறேன். நிலவியல் பட்டம் எனக்கு இல்லை. துளைப் பதிவு, அதாவது நிலத்தைத் துளைக்கும்போது எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்ற குறிப்பு, வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

கட்டுரை சொல்ல வந்தது

காலாங் படுகையிலிருந்து கேலாங் பக்கம் வரை தரைக்கடியில் புதைந்த பள்ளத்தாக்குகள் உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. ஆறுகள் நிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடின. அவை அறுத்தது ஓல்ட் அலுவியம் என்ற கெட்டிப்பட்ட பழைய வண்டலை. தொழிலில் எல்லாரும் ஓஏ என்றே சொல்வோம். கடல் திரும்ப ஏறியபோது பள்ளத்தில் கடல் களிமண் படிந்தது. அதற்கு மெரின் கிளே என்று பெயர், பதிவேட்டில் வெறும் 'எம்'. பல இடங்களில் அதற்கடியில் முந்தைய கடலேற்றம் ஒன்றின் களிமண்ணும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, கடல் வற்றிக் கிடந்த காலத்தில் காய்ந்து இறுகிச் செம்மை படர்ந்த ஓர் அடுக்கு.

இந்தக் களிமண்ணை இந்த ஊரில் யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையோரம் வட்டப்பாதை எம்ஆர்டி ரயிலுக்காகத் தோண்டிய குழி இடிந்து நால்வர் இறந்தார்கள். விசாரணைக் குழு முதன்மையாகச் சுட்டியது தாங்கு அமைப்பின் வடிவமைப்புப் பிழைகளை. ஆனால் குழி நின்றது இதே களிமண்ணில். அதனால் களிமண் எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்டும் படம் ஒரு ஆய்விதழில் வந்தால், ஆராய்ச்சியாளர்களோடு பொறியாளர்களும் அதை எடுத்துப் பார்ப்பார்கள்.

தம்பியின் கட்டுரை சொன்னது இது: தாம் ஆராய்ந்த பகுதியில் தனித்தனியாக இரண்டு புதைந்த பள்ளத்தாக்குகள் இருக்கின்றன, நடுவே ஓஏ-யால் ஆன மேடு ஒன்று சுமார் 14 மீட்டர் உயர்ந்து அவற்றைப் பிரிக்கிறது. 63 ஆழ்துளைகளின் பதிவுகளைத் திரட்டி, கணினியில் களிமண்ணின் அடிமட்டத்தை வரைந்து, அந்த மேட்டைக் கண்டிருந்தார். புதிய செய்திதான். தலைப்பிலேயே அது இருந்தது.

வந்த படம்

ஒரே படத்தில் இரண்டு வரைபடம் ஒன்றன்மேல் ஒன்று. கீழே மேற்பரப்பு நிலவியல்: சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, ஊதா. அதன்மேல் பாதி ஒளிபுகும் வானவில் நிறத்தில் களிமண்ணின் ஆழம். இரண்டும் கலந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் பிறந்து நின்றது. குறிவிளக்கத்தில் அதற்குப் பெயரே கிடையாது. அடியில் செயற்கைக்கோள் படம் வேறு, கூரைகளும் சாலைகளும் பெருவிரைவுச்சாலையின் நிழலுமாக. குறிவிளக்கத்தில் 14 கட்டம். எண்ணிப் பார்த்தேன்: ஐந்து கட்டங்களுக்குரிய பாறை அந்தப் பகுதியிலேயே இல்லை. புக்கிட் தீமா கிரானைட்டும் ஜூரோங் படிவுகளும் கேலாங்கில் எங்கே வரும்? தீவு முழுமைக்குமான வரைபடத்திலிருந்து குறிவிளக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்.

பெயரிலும் குளறுபடி. படத்தில் 1976-ஆம் ஆண்டு வெளியீட்டுக் காலத்துப் பெயர்கள், கட்டுரைக்குள் 2021-இல் கட்டட, கட்டுமான ஆணையம் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகத்தோடு சேர்ந்து வெளியிட்டதில் உள்ள புதிய பெயர்கள். ஓல்ட் அலுவியம் ஒரு பக்கத்தில் அப்படியே இருந்தது, அடுத்த பக்கத்தில் பிடோக் படிவு ஆகிவிட்டது. உள்ளூர்க்காரருக்குப் பிரச்சினை இல்லை. வெளிநாட்டு வாசகர் அவற்றை இரண்டு வெவ்வேறு மண் என்றுதான் எடுத்துக்கொள்வார். புதிய பெயரையே எங்கும் வைத்தோம், படத்தின் கீழ்க்குறிப்பில் ஒரே ஒரு முறை பழைய பெயர். அது அரை மணி நேர வேலை.

எழுத்தின் அளவு வெறும் கணக்கு. அவர் ஏ3 தாளில் 420 மில்லிமீட்டர் அகலத்துக்கு 8 புள்ளி எழுத்தில் வரைந்திருந்தார். இதழின் முழுப்பக்க அகலம் 190 மில்லிமீட்டர். சுருக்கினால் எழுத்து 3.6 புள்ளி ஆகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டே தேவலை. நான் எந்தப் படத்தையும் முதல் கோட்டிலிருந்தே அச்சாகும் அளவில்தான் வரைவேன். இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில் பக்க அகலத்தை 190 என்று வைத்துவிட்டுத்தான் மற்றது. பெரிதாக வரைந்து சுருக்குவது ராட்ரிங் காலத்துப் பழக்கம். அப்போது சுருக்கிய பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அனுப்புவோம், இப்போது திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள்.

'அளவு 1:50,000' என்ற வரியும் அடியில் இருந்தது. படம் சுருங்கிய அந்த நொடியே அது பொய்யாகிவிடும். எடுத்துவிட்டு 500 மீட்டர் அளவுகோல் பட்டை போட்டேன். படத்தோடு அதுவும் சுருங்கும், பொய் சொல்லாது.

கோட்டின் தடிமனை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் யோசிப்பதில்லை. புதுப் படத்தில் 3.2 கிலோமீட்டர் நிலம் 160 மில்லிமீட்டரில் வருகிறது, அதாவது 1:20,000. அவர் போட்டிருந்த எல்லைக்கோடு 3 புள்ளித் தடிமன், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நிலத்தில் அது 21 மீட்டர்! ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் அகலத்தை விழுங்கிவிடும் கோடு. அரைப் புள்ளியாக்கினால் மூன்றரை மீட்டர். அதற்காக எல்லை மூன்றரை மீட்டர் துல்லியமாகத் தெரியும் என்று ஆகிவிடாது. அதற்குத்தான் கோட்டின் வகை: உறுதியாகத் தெரிந்த எல்லை முழுக்கோடு, தோராயமானது விட்டுவிட்டு வரும் கோடு, மேல்மண்ணுக்கு அடியில் மறைந்து போவது புள்ளிக்கோடு. அவர் எல்லாவற்றையும் முழுக்கோடாகவே போட்டிருந்தார். ஏன் என்றேன். "மென்பொருள் அப்படித்தான்கா போட்டுச்சு" என்றார். இந்தப் பதிலை அந்த ஐந்து வாரத்தில் இன்னும் இரண்டு முறை கேட்டேன்.

நிறம்

என் வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு இப்படி ஏதோ ஒரு வகை நிறக்குறை உண்டு என்பார்கள். என் வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. படத்தை அவரிடம் நீட்டினேன். கரைநிரப்பு மண்ணுக்குச் சிவப்பு, கடல் களிமண்ணுக்குப் பச்சை. "ரெண்டும் ஒரே குழம்பா இருக்கே" என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நிலவியல் படங்களுக்கு நிற மரபு ஒன்று உண்டு. பன்னாட்டுக் காலவரிசை அட்டவணையில் ட்ரையாசிக் ஊதா, ஜுராசிக் நீலம், கிரெட்டேசியஸ் பச்சை, குவாட்டர்னரி வெளிர்மஞ்சள். கிரானைட் போன்ற தீப்பாறைகளுக்குச் சிவப்பு, இளஞ்சிவப்பு வகை. மரபை மதிக்கலாம் என்று முதலில் அப்படியே வண்ணமிட்டுப் பார்த்தேன். படம் முழுக்க ஒரே மோர்க்குழம்பு நிறம். காலாங் பக்கத்து மண் ஏறக்குறைய எல்லாமே குவாட்டர்னரி. கரைநிரப்பு, கழிமுகச் சேறு, ஆற்று மணல், கடல் களிமண், ஓஏ, அத்தனையும் வெளிர்மஞ்சளின் சாயல்களாகத்தான் வரும். கண்டம் முழுவதையும் வரைய நல்ல மரபு, மூன்று கிலோமீட்டருக்கு உதவாது.

கடைசியில் செய்தது இது. ஓரத்தில் சிங்கப்பூர் முழுமையும் தெரியும் சிறு துணைப்படத்தில் மட்டும் மரபு நிறம்: நடுவே கிரானைட்டுக்கு இளஞ்சிவப்பு, மேற்கே ஜூரோங் படிவுகளுக்கு ஊதாவும் நீலமும், கிழக்கே ஓஏ-க்குக் காவிமஞ்சள். முதன்மைப் படத்தில் வயது ஏற ஏற நிறம் கருக்கும்: இளைய மண் வெளிர், ஓஏ அடர் பழுப்பு. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வரிசை கெடாது. ஒவ்வொரு பரப்பின்மேலும் எம், ஈ (கழிமுகச் சேறு), எஃப்1 (ஆற்று மணல்), ஓஏ என்று எழுத்துக்குறியும் போட்டேன். எழுத்து இருந்தால் நிறத்தை மட்டும் நம்பிக் கண் அலைய வேண்டியதில்லை.

ஒரு பழைய உத்தியையும் கடன் வாங்கினேன். வில்லியம் ஸ்மித் 1815-இல் இங்கிலாந்து, வேல்ஸுக்கு வரைந்த நிலவியல் படத்தில் ஒவ்வொரு அடுக்கின் அடி விளிம்பிலும் நிறத்தை அழுத்தி, மற்ற இடத்தில் வெளிறவிட்டிருப்பார். எது எதன்மேல் படுத்திருக்கிறது என்று பார்த்த உடனே புரியும். களிமண்ணின் ஓர விளிம்பில் மட்டும் அதைச் செய்தேன். தம்பிக்கு இந்தப் படத்திலேயே ரொம்பப் பிடித்தது அதுதான்.

களிமண்ணின் ஆழத்தைத் தனிப் படமாகப் பிரித்தோம், மேலே ஒன்று, கீழே ஒன்று. வானவில் நிறத்தை எடுத்துவிட்டேன். வானவில்லில் மஞ்சள் வரும் இடத்தில் கண்ணுக்கு ஒரு விளிம்பு தெரியும், தரவில் அங்கே ஒன்றுமே இருக்காது. இதை எச்சரித்து ஃபேபியோ கிராமெரியும் உடன் இருவரும் 2020-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் எழுதியிருக்கிறார்கள். கிராமெரி உருவாக்கிய நிறத்தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டோம்.

வானவில்லை உருவிய பிறகுதான் மேடு உறுத்த ஆரம்பித்தது.

துளைகள்

பழைய படத்தில் 63 துளைகளும் ஒரே மாதிரிக் கறுப்புப் புள்ளிகள், வானவில்லுக்கு அடியில் பாதி மறைந்து கிடந்தன. நான் அவற்றை மேலே கொண்டுவந்தேன். மேடு இருக்கும் இடத்தில் 200 மீட்டருக்குள் மூன்றே துளை. மேற்கே ஓஏ-யைத் தொட்ட துளை 340 மீட்டர் தள்ளி, கிழக்கே 410 மீட்டர் தள்ளி. அந்த 750 மீட்டர் அகலத்தில் மேடு நின்றது அந்த மூன்றின் தோளில்தான்.

கேலாங்கில் ஒரு கோப்பிக்கடையில் சந்தித்தோம். எனக்குத் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்), அவருக்கு மைலோ. "அந்த மூணு துளையோட பதிவும் இருக்கா தம்பி?" என்றேன். மடிக்கணினியைத் திறந்தார். முதல் பதிவின் கடைசி வரி: 20.00 முதல் 20.45 மீட்டர், எஸ்பிடி எண்ணிக்கை 1, துளை முடிவு.

எஸ்பிடி என்பது 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக்குழாய் 450 மில்லிமீட்டர் இறங்கும்போது கடைசி 300-க்கு எத்தனை அடி விழுந்தது என்று எண்ணும் சோதனை. துளைகள் இப்படி .45-இல் முடிவது அதனால்தான். கடைசிச் சோதனையோடு நிறுத்திவிடுவார்கள். ஓஏ-க்குள் போய்விட்டால் எண்ணிக்கை 30, 50 என்று எகிறும். ஒன்று என்றால் குழாய் கிட்டத்தட்டத் தன் எடையிலேயே இறங்குகிறது என்று பொருள். 20.45 மீட்டரிலும் அந்தத் துளை களிமண்ணுக்குள்ளேதான் இருந்தது. அடி தொடவே இல்லை.

மற்ற இரண்டும் அதே கதை: ஒன்று 18.45, எண்ணிக்கை 2, இன்னொன்று 21.45, எண்ணிக்கை 1. மூன்றும் ஏதோ ஒரு சின்ன வேலைக்குப் போட்டவை. அவ்வளவு ஆழம் போதும் என்று நிறுத்தியிருக்கிறார்கள், அதில் தவறில்லை.

தவறு நேர்ந்தது எக்செல் அட்டவணையில். 'எம் அடிமட்டம்' என்று ஒரு நிரல். களிமண்ணுக்குள்ளேயே முடிந்த துளைகளுக்கும் அந்த நிரலில் துளை முடிந்த ஆழத்தையே நிரப்பியிருந்தார். மென்பொருள் அதை அடிமட்டம் என்று நம்பியது. சுற்றிலும் 33, 36 மீட்டர், நடுவே 20. வேறென்ன செய்யும்? மேடு ஒன்றை அழகாக எழுப்பிக் கொடுத்தது.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. மைலோவில் பனிக்கட்டி கரைந்து மேலே தண்ணீர் நின்றது. "எத்தனை இருக்கும்கா இந்த மாதிரி?" என்றார். 63 பதிவையும் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓஏ-யைத் தொட்டவை 44, தொடாதவை 19.

படத்தில் நான் செய்த மாற்றம் மிகச் சின்னது. தொட்ட துளை நிரப்பிய வட்டம். தொடாத துளை வெற்று வட்டம், கீழ்நோக்கி ஒரு சிறு அம்பு. 'இதற்கும் கீழே' என்று பொருள். இதைப் போட்ட பின் கட்டுரை எழுதாமலேயே படம் பேச ஆரம்பித்துவிட்டது. மேடு இருந்த இடத்தில் மூன்று வெற்று வட்டம், அம்புகள் மூன்றும் கீழ்நோக்கி.

பிறகு 44 துளைகளை மட்டும் வைத்து அடிமட்டத்தைத் திரும்ப வரைந்தார். 19 துளைகளைத் தள்ளிவிடவில்லை, கீழ்வரம்பாக வைத்துச் சோதித்தோம்: புதிய அடிமட்டம் ஒவ்வொரு வெற்று வட்டத்தின் முடிவுக்கும் கீழே போகிறதா? பதினேழில் போனது. இரண்டில் மேலே வந்தது, அங்கே கையால் இறக்கினோம். மேடு காணாமல் போனது.

உடனே தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ ரெண்டும் ஒரே பள்ளத்தாக்குன்னு எழுதிடலாமா?" இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். மேடு இருப்பதற்கு ஆதாரம் போய்விட்டது, இல்லை என்பதற்கும் அங்கே ஆதாரம் வரவில்லை. 21.45 மீட்டருக்குக் கீழே அந்த 750 மீட்டரில் யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. 25-இல் ஒரு சிறு மேடு இருந்தாலும் இருக்கலாம். அதனால் ஓஏ-யைத் தொட்ட துளையிலிருந்து 250 மீட்டருக்குள் ஆழக்கோடு முழுக்கோடு, அதைத் தாண்டினால் விட்டுவிட்டு வரும் கோடும் கேள்விக்குறியும், நிறமே கிடையாது. நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்தது.

தம்பியின் பேராசிரியருக்கு அந்த வெள்ளைத்திட்டு பிடிக்கவில்லை. மென்பொருள் தரும் தொடர்ச்சியான பரப்புக்குக் கண் பழகிவிட்டதால் ஓட்டை விழுந்த படம் அரைகுறையாகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு மூன்று பதிவுகளையும் தாமே கேட்டு வாங்கிப் பார்த்தாராம். அடுத்த வரைவில் தலைப்பிலிருந்து 'தனித்தனி இரண்டு பள்ளத்தாக்குகள்' போயிருந்தது. களிமண் அடிமட்டத்தின் வடிவமும் அதில் தெரியாத இடங்களும் என்ற பொருளில் புதுத் தலைப்பு. சுவாரசியம் குறைந்த தலைப்புதான், மறுப்பதற்கில்லை.

குறுக்குவெட்டு

இரண்டாம் மதிப்பாய்வாளரின் கேள்விகள் இரண்டும் இங்கேதான். செங்குத்துப் பாறைபோல நிற்கும் சரிவு இவ்வளவு இளகிய மண்ணில் எப்படி நிற்கும் என்பது ஒன்று. வெட்டின் நீளம் 2.4 கிலோமீட்டர், ஆழம் 50 மீட்டர். 160 மில்லிமீட்டரில் உள்ளபடி வரைந்தால் ஆழம் சுமார் மூன்றேகால் மில்லிமீட்டர்தான் வரும், ஒரு பென்சில் கோடு மாதிரி. எனவே உயரத்தைப் பத்து மடங்கு இழுத்தாக வேண்டும். இழுத்திருந்தார், எங்கும் சொல்லவில்லை. பத்து மடங்கில் 12 பாகைச் சரிவு 65 பாகையாகத் தெரியும். பத்து மடங்கை அப்படியே வைத்துக்கொண்டு, 'உயரம் 10 மடங்கு' என்று வெட்டின் மூலையிலேயே எழுதினேன். பக்கத்தில் 2, 5, 12 பாகைகள் இந்த இழுப்பில் எப்படித் தெரியும் என்று சிறு விசிறி. அடியில் இழுக்காத வெட்டு, மூன்றேகால் மில்லிமீட்டர் கீற்றாக. அந்தக் கீற்றைப் பார்த்தால்தான் இந்தப் 'பள்ளத்தாக்கு' செங்குத்தல்ல, மெல்லிய சாய்வுதான் என்று புரியும்.

இன்னொன்று கேலாங் குன்றா என்ற கேள்வி. சிரித்துவிட்டேன். இங்கே எம்ஆர்டி வேலைகளில் மட்டங்களோடு 100 மீட்டரைக் கூட்டி எழுதுவது வழக்கம். சுரங்கம் எவ்வளவு கீழே போனாலும் எதிர்க்குறி எண் வராது. அந்தக் கணக்கில் கடல்மட்டம்தான் 100. தம்பி அப்படியே எடுத்துப் போட்டதால் தரைமட்டம் 103 மீட்டர் என்று நின்றது. புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். கேலாங் அதில் பாதிக்கும் மேல் உயரம் என்றால் வெளியூர்க்காரர் வேறு என்ன நினைப்பார்? கடல்மட்டத்தைச் சுழியமாக்கித் திருத்தினோம். படத்தின் ஓரங்களில் சிங்கப்பூர் நில அளவை முறையான எஸ்விஒய்21 ஆயங்களோடு அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்த்தோம்.

அச்சுக்குப் போனபோது

ஏற்கப்பட்டது. மெய்ப்பு வந்த அன்று தம்பி அனுப்பிய பிடிஎஃபைத் திறந்தால் படம் 140 மில்லிமீட்டர் அகலத்தில் உட்கார்ந்திருந்தது. 8 புள்ளி எழுத்து 5.9 ஆகிவிட்டது, அம்புகள் தூசிபோல. பக்க அமைப்பில் யாரோ ஒருவர் இடம் மிச்சம் பிடித்திருக்கிறார். இரண்டு வரி மின்னஞ்சல் எழுதச் சொன்னேன்: இந்தப் படம் 190-க்கு வரையப்பட்டது, அம்புகள் தெரிந்தாக வேண்டும். மறுநாளே மாற்றிவிட்டார்கள். மெய்ப்பில் கருத்துகளைப் படிப்பவர்கள் படத்தின் அகலத்தை அளந்து பார்ப்பதில்லை. ஸ்கேலை எடுத்து அளக்கவும்.

மொத்தம் 34 மணி நேரம் ஆனது. நிறத்துக்கும் கோட்டுக்கும் ஒன்பது. துளைப் பதிவுகளை வாசிக்க மட்டும் பதினேழு. பில்லில் 'நிற மாற்றம்' என்றே போட்டேன். வேறு எதை எழுதினாலும் கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வரும் என்று தம்பி சொல்லிவிட்டார்.